எங்கிருந்து அளந்த உயரம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசுவோரும் இசை வழங்குவோரும் ஏறும் இம்மேடையில், முப்பது ஆண்டுக் காலம் மட்டக்கருவியும் கையுமாக ஊர் ஊராக அலைந்த என் போன்றவனுக்கு என்ன வேலை என்று செயலாளரைக் கேட்டேன். “போன ஆடி மாதத்து மழையில் மூன்றாம் தெருவில் தண்ணீர் புகுந்ததே, அதைப் பற்றித்தான் ஆறு மாதமாக எல்லாரும் சண்டையிடுகிறார்கள். நீங்கள் அளந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா” என்றார் அவர். ஆகவே, நிலத்தின் உயரத்தை மனிதன் எவ்வாறு அளந்தான், எவ்வாறு படமாக எழுதினான் என்னும் பெரிய செய்தியில் தொடங்கி, நம் மூன்றாம் தெருவில் வந்து முடிக்க எண்ணியிருக்கிறேன். இடையில் வழி தவறினால் பொறுத்தருள வேண்டும்.

கோடை விடுமுறைதோறும் நாம் ஊருக்குப் போய் வருகிறோம். இரயில் நிலையத்து மஞ்சட் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் குழந்தைகள் கண்டிருப்பார்கள். பெரியவர்கள் நாம் காபிக்காரரைத் தேடுவதால் அதைக் காண்பதில்லை. சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்பது அவ்வரி. சென்னையில் அது சில மீட்டர். விசயவாடாவில் ஏறத்தாழ 20. நாகபுரியில் 300-ஐத் தாண்டும். மலைகளுக்கிடையே வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் பேதூலில் 600-க்கும் மேல். பிறகு நருமதையை நோக்கி இறங்கி, போபாலில் மீண்டும் 500-ஐ ஒட்டி ஏறி, ஆக்ராவில் 170 அளவுக்குத் தாழ்ந்து, தில்லியில் 215-ஐ ஒட்டி வந்து நிற்கிறோம். இவ்வெண்களைக் குறித்துக்கொண்டு வந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். பாரத நாட்டைத் தெற்கு வடக்காக அறுத்துப் பக்கவாட்டில் பார்த்தது போன்ற படம் ஒன்று கிடைக்கும். செலவில்லாத பாடம் அது.

அந்தப் படத்திலேயே வியப்பான உண்மை ஒன்றும் உண்டு. நாம் குடியிருக்கும் தில்லி, யமுனையும் கங்கையும் ஓடும் வழியில் வங்கக் கடலுக்கு 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அத்தனை தொலைவுக்கும் நிலம் இறங்குவது 200 மீட்டரை ஒட்டித்தான். கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 13 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு சாண் இறங்கியதைக் கண்ணால் கண்டுபிடிக்க வல்லவர் எவரும் இலர். ஆனால் தண்ணீருக்கு அது தெரியும். நாம் காணாத சரிவை அது கண்டுகொள்கிறது. இந்நகரத்தின் மழைக்காலத் துன்பங்களுள் பெரும்பகுதி இந்த ஒரு சாணுக்குள் அடங்கியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள், பழைய இரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் 1978-இல் கண்ட 207.49 மீட்டரே உச்சமாக இருந்தது. அபாய அளவு 205.33 என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் அச்சிட்டன. அந்நாட்களில் நம் காலனிப் பூங்காவில் நண்பர் ஒருவர், “ஆற்றில் இருநூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதாமே!” என்று நடுங்கினார். நான் சிரிக்கவில்லை. படித்தவர் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். 208.66 என்பது ஆழம் அன்று. நீரின் மேற்பரப்பு சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் நின்ற உயரம். மஞ்சட் பலகையில் உள்ள எண்ணும் அதுவும் ஒரே இனம். ஒரே இனமாக இருப்பதனால்தான் அதற்குப் பயன் உண்டு. ஒரு வடிகாலின் வாய் 206 மீட்டரில் இருந்து, ஆறு 208-க்கு ஏறிவிட்டால், நகரத்து நீர் ஆற்றுக்குப் போகாது. ஆற்று நீர் நகரத்துக்குள் வரும். இரண்டு எண்களும் ஒரே இடத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தால் மட்டுமே இதை முன்கூட்டிச் சொல்ல முடியும்.

அந்த ஒரே இடம் எது? கடல் என்கிறோம். கடலோ ஒரு நிலையில் நிற்பதன்று. காலையில் ஏறி மாலையில் இறங்கும். பௌர்ணமிக்கு ஒரு விதம், புயலுக்கு ஒரு விதம். ஆகவே கரையோரத்தில் அளவுகருவி வைத்து, பல ஆண்டுக் காலம் ஏற்ற இறக்கங்களைப் பதிந்து, அவற்றின் சராசரியைச் சூன்யமாகக் கொள்கிறார்கள். 1909-இல் நம் நாட்டு மட்ட அளவைகளை எல்லாம் ஒருங்கிணைத்தபோது ஒன்பது துறைகளின் கடல்மட்டம் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது: கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையில் ஃபால்ஸ் பாயிண்ட். தில்லியில் நிற்கும் வீட்டின் உயரத்துக்கு நாகப்பட்டினத்து அலையும் சாட்சி கூறியது என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஒன்பது இடங்களிலும் கடல் சரியாக ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பது பின்னர் விளங்கிற்று. அது வேறு கதை.

கடற்கரையிலிருந்து தில்லி வரை அந்தச் சூன்யத்தை எவ்வாறு சுமந்து வருவது? கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அறிவீர்கள். அதன்மேல் ஒரு தொலைநோக்கியைப் பொருத்தினால் அதுவே எங்கள் மட்டக்கருவி. பின்னால் ஒருவர் அளவுகோலை நிறுத்தி வைப்பார், முன்னால் ஒருவர். நடுவில் நின்று பின்கோலையும் முன்கோலையும் படிக்க வேண்டும். இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு, இரு இடங்களின் உயர வேறுபாடு. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு புறமும் ஐம்பது மீட்டருக்கு மேல் பார்வையை நீட்டினால் நுட்பம் கெடும். ஆக, ஒரு முறைக்கு நூறு மீட்டர். மும்பைக் கடலிலிருந்து தில்லிக்கு 1,400 கிலோமீட்டர் என்றால், பதினாலாயிரம் முறை கருவியை நிறுத்தி எடுக்க வேண்டும். பின்னர் அதே வழியில் அளந்துகொண்டே திரும்பவும் வேண்டும். புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்தால் விடை சூன்யமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் எங்கோ பிழை. எங்கள் தொழிலில் யாரையும் குறை கூற இயலாது. கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

மலைகளை இவ்வாறு அளக்க முடியாது. அவற்றுக்குக் கோணமே வழி. அந்தக் கதை தொடங்கியது நம் சென்னையில். 1802-இல் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயத் தளபதி பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் கட்டி, அதன் மேல் இன்னொரு முக்கோணம் கட்டி, நாடு முழுதும் வலை பின்னினார்கள். அவர் கொணர்ந்த கோணமானி அரை டன் எடை. காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் இல்லாமையால் கோபுரங்களின் மேல் அதை ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். லாம்ப்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அமர்ந்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே தட்டி நேராக்கினார். அளவைத் தொழிலுக்கு வேண்டிய பொறுமைக்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த வலையின் வடகோடியில்தான் இமயம் அளக்கப்பட்டது. நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்று எடுத்த கோணங்களைக் கொண்டு, இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித வல்லுநர் உள்ளிட்டோர் போட்ட கணக்கு 29,002 அடி என்று 1856-இல் வெளியாயிற்று. 1950-களில் நம் இந்திய அளவைத் துறை மீண்டும் அளந்து 8,848 மீட்டர் என்றது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். துணைக்கோள் யாதும் இல்லாத காலத்துக் கணக்கு ஒன்பது மீட்டர் அளவே தவறியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

துணைக்கோள் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. சென்ற மாதம் என் பேரன் மொட்டைமாடியில் கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். “தாத்தா, தில்லி 215 மீட்டர் என்று சொன்னீர்களே, பொய்! ஜி.பி.எஸ். 160 தான் காட்டுகிறது” என்றான். இருவரும் உண்மையே சொல்கிறோம் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. துணைக்கோள் கடலை அறியாது. பூமியை வழவழப்பான, சற்றே அமுங்கிய உருண்டையாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து அது அளக்கிறது. உண்மைக் கடலோ பூமியின் ஈர்ப்பு எங்கெங்கு மிகுந்தும் குறைந்தும் இருக்கிறதோ அதற்கேற்ப மேடும் பள்ளமுமாய் நிற்கிறது. இந்துமாக் கடலில், இலங்கைக்குத் தெற்கே, உலகிலேயே பெரிய பள்ளம். அங்குக் கடல்மட்டம் அந்தக் கற்பனை உருண்டைக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சென்னையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். தில்லியில் 50-க்குச் சற்று மேல். மெரினாக் கடற்கரையில் நின்று திருத்தம் செய்யாத கருவியைப் பார்த்தால், நீங்கள் கடலுக்குள் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாக அது கூறும்! எங்கிருந்து அளந்தது என்று கேளாமல் எந்த உயரத்தையும் நம்பாதே என்று பேரனிடம் சொன்னேன். அவன் உடனே, “உங்கள் உயரத்தையுமா?” என்று கேட்டான்.

அளந்தவற்றைத் தாளில் காட்டுவது இன்னொரு கலை. பழங்காலத்துப் படங்களில் மலையைக் கம்பளிப்பூச்சி போல் வரைந்திருப்பார்கள். மலை இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு உயரம் என்று தெரியாது. 1774-இல் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்னும் மலையின் ஈர்ப்பைக் கொண்டு பூமியின் எடையை அறிய முயன்றனர். அம்மலையின் பருமனைக் கணக்கிடும் பொறுப்பு சார்லஸ் ஹட்டன் என்பாருக்கு வந்தது. கையில் இருந்தவையோ ஆயிரக்கணக்கில் இறைந்து கிடந்த உயர எண்கள். ஒரே உயரமுள்ள புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தார். தாளின்மேல் மலை எழுந்து நின்றது. சம உயரக் கோடு என்று பள்ளியில் படிக்கிறீர்களே, அதுவேதான். ஏரி வற்றும்போது கரையில் அடுக்கடுக்காய் ஈரக்கோடுகள் விட்டுச் செல்வதைக் கண்டவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி.

விலகினால் என்றேனே, அங்கேதான் நமக்குச் சிக்கல். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் அச்சான நிலப்படத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. நம் காலனி முழுவதிலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு மீட்டர் கூட வேறுபாடு இல்லை. ஆகவே அப்படத்தில் நம் காலனியின் குறுக்கே ஒரு கோடும் இல்லை. கண்ணாடி போல் சமமாகக் கிடக்கிறது.

இக்காலத்து எண்முறைப் படங்களும் இதில் உதவவில்லை. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் உயர எண்ணை எழுதி வைப்பது அவற்றின் முறை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று, அறுபது மீட்டர்க் கம்பத்தின் முனையில் இரண்டாவது ரேடார் வாங்கியைத் தாங்கி, பதினொரு நாளில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை இவ்வாறு அளந்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாம் ஏவிய கார்ட்டோசாட்-1 முன்னும் பின்னும் சாய்ந்த இரு காமிராக்களைக் கொண்டு, நம் இரு கண்கள் ஆழம் காண்பது போலவே நிலத்தைக் கண்டது. இரண்டும் அரிய சாதனைகள். ஆயினும் அச்சதுரங்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பது 30 மீட்டர் அளவில். ஒரு சதுரத்துக்குள் நம் வீடுகள் நான்கைந்து அடங்கிவிடும். மேலும், வானிலிருந்து நோக்குவதற்குத் தரை தெரிவதில்லை. மரத்தின் உச்சியும் மாடியின் தளமுமே தெரிகின்றன. என் பேரனின் உதவியால் நம் காலனியின் சதுரங்களை இறக்கிப் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகள் உள்ள மூன்றாம் தெரு அதில் ஒரு குன்றாக இருந்தது! தண்ணீர் புகுந்த தெரு குன்றின்மேல் இருப்பதாகப் படம் கூறுகிறது. இது சிரித்துவிட்டுப் போகும் பிழையன்று. 2019-இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உலகக் கடற்கரைகளில் இதே பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, கடல்நீரின் அபாயத்தில் வாழ்வோர் தொகை முன்பு எண்ணியதைப் போல் மும்மடங்குக்கு மேலாயிற்று. வீட்டுக் கூரையைத் தரையென்று எண்ணியதன் விளைவு.

இனி மூன்றாம் தெருவுக்கு வருகிறேன்.

அன்றிரவு இரண்டு மணிக்குப் பதினான்காம் எண் வீட்டில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். படுக்கையை விட்டு எழ இயலாத பாட்டியம்மாளைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல்லின் மேல் வைத்தார்கள். அரிசியும் புத்தகங்களும் போயின. மறுநாள் தொடங்கியது வழக்கு. முன்வீட்டார் தரையை உயர்த்தியதால் வந்தது என்று பின்வீட்டாரும், பின்வீட்டார் குப்பை கொட்டி வடிகாலை அடைத்ததால் வந்தது என்று முன்வீட்டாரும் கூறினர். இருவரும் என்னிடம் தனித்தனியே வந்து, “சார், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்றனர். பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும் என்றேன்.

கட்டடப் பொறியியல் பயிலும் நம் காலனிப் பெண்ணொருத்தி கருவியொன்றை இரவல் வாங்கி வந்தாள். நான்கு சிறுவர்கள் கோல் பிடித்தார்கள். சங்கக் கட்டடத்தின் முதற் படியை 100.00 மீட்டர் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். கடல் வரை போக வேண்டியதில்லை. தெருவுக்குள் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு கல் போதும். முதல் நாள் சுற்றி வந்து அதே படியில் முடித்தபோது கணக்கு நான்கு சென்டிமீட்டர் பிசகிற்று. நீட்டுகோலின் கீழ்ப்பகுதியை ஒரு சிறுவன் முழுதும் இழுத்துப் பூட்டாமல் பிடித்திருந்தான். பாவம், அழுதேவிட்டான். அடுத்த ஞாயிறு மீண்டும் அளந்தோம். மூன்று மில்லிமீட்டரில் முடிந்தது.

கண்டது இது. தெருவின் தொடக்கத்தில் சாலை 99.62. நடுவில், பதினான்காம் வீட்டின் எதிரே, 99.51. பெருஞ்சாலையைத் தொடும் கோடியில் 99.60. இரு முனையும் உயர்ந்து நடு தாழ்ந்த தாம்பாளம். பெருஞ்சாலையை மேன்மேலும் தார் போட்டு உயர்த்தியபோது தெருவின் முனையும் உயர்ந்துவிட்டது. நடுவில் விழும் மழை, ஒன்பது சென்டிமீட்டர் தேங்கிய பிறகே வெளியேறத் தொடங்கும். பதினான்காம் வீட்டின் நிலைப்படி 99.55. கட்டும்போது சாலைக்கு மேல் ஒன்றரை அடி இருந்ததாம். இன்று நான்கு சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு பெருமழையிலும் அவ்வீட்டுக்குள் ஐந்து சென்டிமீட்டர் நீர் நின்றே தீரும். பதின்மூன்றாம் வீட்டின் நிலைப்படி 99.58, அங்கே இரண்டு சென்டிமீட்டர். முன்வீட்டாரின் தரை உயர்வு இந்த எண்களை மாற்றவில்லை. அவர்கள் தப்பினார்கள், அவ்வளவே. அதைப் போலவே, பதினான்காம் வீட்டார் கடன் வாங்கித் தரையை உயர்த்தினாலும் தெருவின் நீர்மட்டம் இறங்காது. அடுத்த முறை கட்டிலைத் தூக்குவது பதின்மூன்றாம் வீடாக இருக்கும்.

அப்படியானால் வடிகால்? அதன் அடித்தளத்தையும் மூடியைத் திறந்து அளந்தோம். பதினான்காம் வீட்டருகே 99.15, கோடியில் 99.11. நான்கு சென்டிமீட்டர் இறக்கம். சிறிது, ஆயினும் சரியான திசையில். வடிகால் திறந்திருக்குமானால் தாம்பாளத்து நீர் முழுவதும் அதன் வழியே போய்விடும். குப்பை சிறிது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்தாம் வீட்டிலிருந்து இருபதாம் வீடு வரை ஐந்து இடங்களில், காரை ஏற்றுவதற்காக வாசலில் கட்டிய சாய்தளத்தின் சிமெண்டு வடிகாலுக்குள் இறங்கி அதைப் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது.

அந்த ஐந்தில் ஒன்று பதினேழாம் எண். அது என் வீடு. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கட்டியது. வாழ்நாள் முழுதும் பிறர் நிலத்தை மில்லிமீட்டரில் அளந்தவன், தன் வாசலில் கொத்தனார் சிமெண்டு கொட்டியபோது உள்ளே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக அந்தப் பெண் வரைந்த நம் காலனியின் சம உயரப் படம், வாயிற்கதவுக்கு வலப்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. மூன்றாம் தெருவில் தனியே மூடிய வளையம் ஒன்று காண்பீர்கள். உட்புறமாகச் சிறு பற்கள் போட்டிருப்பது பள்ளம் என்பதன் அடையாளம். ஒவ்வொரு வீட்டு நிலைப்படியின் உயரமும் எண்ணோடு எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டைத் தேடிப் பாருங்கள். ஐயம் இருந்தால் கருவி இன்னும் இரண்டு வாரம் நம்மிடம் இருக்கும், உங்கள் எதிரிலேயே மறுபடி அளந்து காட்டுகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தார் போட வேண்டும் என்று படத்தை இணைத்து எழுதிய விண்ணப்பத்திலும் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் வர நாளாகும். திங்கட்கிழமை காலை என் வாசற் சாய்தளத்தை இடிக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற நால்வர் வீட்டையும் அதே கூலியில் முடித்துத் தருவதாக அவர் கூறுகிறார். அவர்களுள் மூவர் இச்சபையில் இருப்பதைக் காண்கிறேன். நான்காமவர் ஊருக்குப் போயிருக்கிறார், தொலைபேசியில் பேசிக்கொள்கிறேன்.

குழந்தைகளின் நாட்டியம் காத்திருக்கிறது. வணக்கம்.